அரக்கும் துகளும்: என்ஜின் தலைமூடியின் வண்ண வரலாறு

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் திருச்சியில் இருக்கும் என் தாய்மாமாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். கோவையில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரும் அன்று என்னைப் பார்க்க அங்கே வந்திருந்தார். திண்ணையில் விரித்திருந்த செய்தித்தாளின் மீது மாமாவின் பழைய காரிலிருந்து கழற்றிய ஓர் அலுமினிய வார்ப்பு கிடந்தது. என்ஜினின் தலைக்கு மேல் கவிழ்த்து மூடும் மூடி அது. பட்டறைக்காரர்கள் அதை டேப்பட் கவர் என்பார்கள். அதன்மேல் பூசியிருந்த கறுப்பு ஆங்காங்கே உரிந்து, எண்ணெய்க் கசடு படிந்து, பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

"சார், கொடுங்க. பவுடர் கோட்டிங் பண்ணித் தந்துடறேன். பத்து வருஷத்துக்குக் கவலையில்ல" என்றார் மாணவர்.

"எதுக்குத் தம்பி? நானே அடிச்சிடுவேன். அரை லிட்டர் பெயிண்ட் போதும்" என்றார் மாமா.

மாமா முப்பத்திரண்டு ஆண்டுகள் ஸ்பிரே பெயிண்டராக இருந்தவர். மூக்கில் கட்டிய கைக்குட்டையைத் தவிர வேறு காப்பு அறியாத தலைமுறை. வேலை முடிந்ததும் ஒரு வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொள்வார். நெஞ்சில் படிந்த பெயிண்டை வெல்லம் இறக்கிவிடும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்களின் நம்பிக்கை. இப்போது மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். அந்தப் பிற்பகல் பூசுவதா, துகள் தூவிச் சுடுவதா என்று இருவரும் ஒரு மணி நேரம் வாதாடியதை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இலக்கியம் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஊர் திரும்பிய பிறகு அந்த வாதத்தின் வேரைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, சின்ன மூடியின் மேல் நிற்கும் அந்த வண்ணத்துக்குப் பின்னால் ஜப்பானிய மரமும், உலகப்போரின் வெடிமருந்தும், தொண்டை மருந்தும், லாஸ் ஏஞ்சல்ஸின் புகைமூட்டமும் வரிசையாக வந்து நின்றன. அந்த வியப்பே இக்கட்டுரை.

முதலில் ஒரு சொல்லைப் பார்த்துவிடலாம். நம் தச்சர்களும் பெயிண்டர்களும் 'லாக்கர்' என்று சொல்லும் பூச்சுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர், வடமொழி 'லாக்ஷா'விலிருந்து பாரசீகம், அரபு, போர்த்துக்கீசியம் என்று பல துறைமுகங்களில் இறங்கி ஏறிப் போனது. லாக்ஷா என்பது நம் அரக்கு. பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகை அரக்கு மாளிகை. சங்கப் பாட்டில் செந்நிலத்துக்கு உவமையாவதும் அரக்குதான். மரக்கிளைகளில் ஒட்டிவாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. ஆனால் ஐரோப்பியர்கள் அந்தப் பெயரைக் கொண்டுபோய் ஒட்டியதோ சீனத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பளபளப்பான பெட்டிகளின் பூச்சுக்கு. அந்தப் பூச்சில் அரக்குப் பூச்சிக்கு எந்தப் பங்கும் இல்லை. ஜப்பானியர் 'உருஷி' என்றழைக்கும் மரத்தின் பால் அது. ஈரக்காற்றில் இறுகும் விந்தை உடையது. பிற்காலத்தில் கார்களின் மேல் ஏறிய 'லாக்கர்' இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது பொருள். பெயர் ஒன்றாகவே இருக்க, பொருள் மூன்று முறை மாறியிருக்கிறது. சொற்பொருள் மாற்றம் பற்றி வகுப்பெடுக்கும்போது இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

உருஷி மரம் ஐரோப்பாவில் இல்லை. ஆகவே பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே போலிகள் புறப்பட்டன. 'ஜப்பான் செய்தல்' என்றே அந்தத் தொழிலுக்குப் பெயர் விழுந்தது. ஒரு நாட்டின் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது! பதினெட்டாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டின் பொன்டிபூல் என்ற ஊர் இவ்வாறு பூசிச் சுட்ட இரும்புத் தட்டுகளுக்கும் பாத்திரங்களுக்கும் பெயர்பெற்றது. நிலக்கீலும் உலரும் எண்ணெயும் கலந்து, உலோகத்தின் மேல் பூசி, அடுப்பில் வைத்துச் சுட்டால் கண்ணாடிபோன்ற கறுப்புக் கிடைக்கும். அதுதான் ஜப்பான் கறுப்பு. நம் பாட்டிமார் வீடுகளில் இருந்த பழைய தையல் எந்திரங்களின் உடலில் பொற்கொடிகளுக்கு அடியில் மின்னிய கறுப்பு இந்த மரபில் வந்ததே. மிதிவண்டிச் சட்டங்களும் இதே கறுப்பை அணிந்தன. பூசியதைச் சுட்டு இறுகச்செய்வது என்ற எண்ணம் பவுடர் கோட்டிங்குடன் பிறந்ததன்று என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

கார் பிறந்தபோது அதற்குத் தனியான வண்ணத்தொழில் இருக்கவில்லை. குதிரைவண்டிக்குப் பூசியவர்களே காருக்கும் பூசினார்கள். எண்ணெய் வார்னிஷைத் தூரிகையால் ஒரு கை பூசுவது, காயவிடுவது, நுரைக்கல் பொடியால் தேய்ப்பது, மறுபடி பூசுவது என்று ஒரு வண்டி பல வாரங்கள் பூச்சுக்கூடத்திலேயே கிடக்கும். ஹென்றி ஃபோர்டு 1908இல் மாடல் டி வண்டியைக் கொண்டுவந்தபோது அது பச்சை, சிவப்பு, சாம்பல் எனப் பல நிறங்களில் கிடைத்தது. 1913இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் ஒருங்கிணைப்பு வரிசை ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டிலிருந்து 1925வரை மாடல் டிக்கு வாய்த்தது கறுப்பு ஒன்றே. கறுப்புதான் சீக்கிரம் காயும், அதனால்தான் ஃபோர்டு அதைப் பிடித்துக்கொண்டார் என்று பலரும் எழுதுகிறார்கள். இதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். ஒரே வண்டியில் பல வகைக் கறுப்புகள் இருந்தன. சில பகுதிகளைத் தொட்டியில் முக்கினார்கள், சிலவற்றின் மேல் பெயிண்டை ஊற்றி வழியவிட்டார்கள், சிலவற்றைச் சூட்டடுப்பில் வைத்தார்கள். நிலக்கீல் கறுப்பு மலிவானது, ஈரத்துக்கும் துருவுக்கும் தாங்கும். விலையும் உழைப்பும்தான் அந்த நிறத்தைத் தேர்ந்தன என்பதே பொருத்தமாகப் படுகிறது.

அடுத்த திருப்பம் போர்க்களத்திலிருந்து வந்தது. 1846இல் பாசல் நகரத்து வேதியியலாளர் ஷேன்பைன் பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலங்களில் நனைத்தால் அது வெடிமருந்தாகிறது என்று கண்டார். அதுவே துப்பாக்கிப் பஞ்சு. முதல் உலகப்போர் முடிந்தபோது அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்திடம் அதைச் செய்யும் ஆலைகள் இருந்தன. வாங்குவதற்குப் போர் இல்லை. அதே பஞ்சைக் கரைத்தால் திரைப்படச் சுருளும் செய்யலாம், பூச்சும் செய்யலாம். ஆனால் பூச்சில் ஒரு சிக்கல். சிறிதளவு கரைத்தாலே கரைசல் பாகுபோல் கெட்டியாகிவிடும். பூசக்கூடிய அளவுக்கு நீர்க்கவைத்தால் காய்ந்தபின் மிஞ்சுவது வெங்காயத்தோல் அளவுக்கு ஒரு படலம்தான். 1920களின் தொடக்கத்தில் நியூஜெர்ஸி மாநிலத்தின் பார்லினில் இருந்த ஆலையில் கெட்டித்தன்மை குறைந்த கரைசலைச் செய்யும் வழி கிடைத்தது. நிறையப் பொருளைக் கரைக்கலாம், தடித்த பூச்சுக் கிடைக்கும், மணிக்கணக்கில் காய்ந்துவிடும். 'டூக்கோ' என்று பெயரிட்டார்கள். 1923இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்கள் நீலநிறத்தில் டூக்கோ அணிந்து வெளிவந்தன. வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. மற்ற கார்களும் பின்தொடர, ஃபோர்டும் 1926ஆம் ஆண்டின் வண்டிகளுக்கு நிறங்களைத் திரும்பக் கொண்டுவந்தார். மறு ஆண்டில் மாடல் டியே நின்றுபோனது.

டூபாண்ட் அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் பெரும் பங்குதாரராகவும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு குறைபட்டுவிடும். பூச்சு விற்பவரும் பூச்சு வாங்குபவரும் ஒரே குடும்பம். இந்த உறவு சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1957வரை காலம் பிடித்தது. தீர்ப்பு வந்தபோது டூக்கோவின் பொற்காலமே முடியும் தறுவாயில் இருந்தது. ஆனால் பெயர் கடல்கடந்து நம்மூருக்கு வந்து நிலைத்துவிட்டது. இன்றும் மர அலமாரிக்குத் துப்பாக்கியால் அடிக்கும் வண்ணத்தை நம் தச்சர்கள் 'டூக்கோ பெயிண்ட்' என்றே சொல்கிறார்கள். எந்த நிறுவனத்தின் டப்பாவாக இருந்தாலும் அது டூக்கோதான்.

துப்பாக்கி என்றேன். சீக்கிரம் காயும் பூச்சைத் தூரிகையால் பூச முடியாது. தூரிகை திரும்பி வருவதற்குள் முதல் இழுப்புக் காய்ந்திருக்கும். தெளிக்கத்தான் வேண்டும். தெளிக்கும் கருவி முன்பே தயாராக இருந்தது. ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரில் ஆலன் டெவில்பிஸ் என்ற மருத்துவர் நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைப் பனிபோல் தெளிக்க ஒரு கருவி செய்திருந்தார். அவருடைய மகன் தாமஸ் 1907இல் அதே தத்துவத்தைப் பெயிண்டுக்குப் பொருத்தினார். தொண்டையைக் குணப்படுத்தப் பிறந்த கருவியின் வழித்தோன்றல் பின்னர் எத்தனை தொண்டைகளுக்குள் தின்னரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை நினைத்தால், ஊழின் விளையாட்டு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. சாதாரணக் காற்றழுத்தத் துப்பாக்கியிலிருந்து புறப்படும் பெயிண்டில் பாதிக்கும் மேல் பொருளின்மேல் ஒட்டுவதில்லை. அது காற்றில் மிதக்கிறது. காற்றைப் பூசுபவர் சுவாசிக்கிறார்.

இதற்கிடையே என்ஜினைப் பற்றிப் பேசாமலே வெகுதூரம் வந்துவிட்டேன். காரின் உடலுக்குப் பூசுவது கண்ணுக்காகவும் துருவுக்காகவும். முன்மூடிக்குள் ஒளிந்திருக்கும் என்ஜினுக்கு வண்ணம் எதற்கு? வார்ப்பிரும்புத் தொகுதி துருப்பிடிக்கும், ஆகவே ஒரு காப்பு வேண்டும். எந்தத் தொழிற்சாலையின் என்ஜின் என்ற அடையாளமும் வேண்டும். அமெரிக்காவில் ஷெவர்லேயின் வி-8 என்ஜின்கள் ஆரஞ்சு நிறம் பூண்டன. ஃபோர்டு 1966 முதல் தன் என்ஜின்களுக்கெல்லாம் ஒரே நீலத்தை வைத்துக்கொண்டது. அலுமினியத் தலைமூடிகளின் கதை வேறு. ஜாகுவார் எக்ஸ்கே என்ஜினின் மூடிகளைக் கண்ணாடிபோல் மெருகேற்றி வெறும் உலோகமாகவே விட்டார்கள். அதுவும் ஒருவகை அலங்காரம்தான். மெருகேற்றாத வார்ப்பு அலுமினியமோ எண்ணெயையும் தூசியையும் உறிஞ்சிச் சில மாதங்களில் மங்கிவிடும்.

வண்ணம் பூசிய தலைமூடிகளில் உலகப்புகழ் பெற்றவை இத்தாலியில் பிறந்தன. 1956இல் ஃபெராரி நிறுவனம் நான்கு உருளைகள் கொண்ட ஒரு பந்தய வண்டியின் என்ஜின் மூடிகளுக்குச் சிவப்பு அடித்தது. வண்டிக்கு 'டெஸ்டா ரோஸா' என்று பெயர். சிவந்த தலை என்று பொருள். என்ஜினின் மேற்பகுதியைத் தலை என்று சொல்வதில் இத்தாலியரும் நம்மூர் மெக்கானிக்கும் ஒத்துப்போகிறார்கள். 1957இல் பன்னிரண்டு உருளை, மூன்று லிட்டர் என்ஜினுடன் 250 டெஸ்டா ரோஸா வந்தது. லெ மான் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தை 1958, 1960, 1961 என மூன்று முறை வென்றது அந்தக் குடும்பம். ஃபில் ஹில்லும் ஒலிவியே ஜான்டபியனும் முதல் வெற்றியையும் மூன்றாம் வெற்றியையும் இணைந்து பெற்றார்கள். சில கைப்பிடி பெயிண்ட் ஒரு வண்டிக்குப் பெயராகி, அந்தப் பெயர் 1984இல் பாரிஸ் கண்காட்சியில் இன்னொரு காருக்கும் இடப்பட்டது. முதல் டெஸ்டா ரோஸா முன்மாதிரி 2011இல் அமெரிக்க ஏலம் ஒன்றில் ஒரு கோடியே அறுபத்து மூன்று லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. வேகத்துக்கும் சிவப்புத் தலைமூடிக்கும் இப்படி ஓர் உறவு ஏற்பட்டுவிட்டதால்தான் ஜப்பானின் ஹோண்டா நிறுவனமும் 1995இல் தன் இன்டெக்ரா டைப் ஆர் என்ஜினுக்குச் சிவப்பு மூடியைத் தேர்ந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

அக்காலத்து ஃபெராரி 250 ஜிடி கார்களின் மூடிகளோ கறுப்பு. வழவழப்பான கறுப்பன்று, சுருங்கிய தோல்போல், காய்ந்த குளத்தின் அடிச்சேறுபோல் நெளிநெளியான கறுப்பு. 'ரிங்கிள்' பூச்சு என்பார்கள். இதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. சீனத்துத் தங் மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் காயும்போது மேல்தோல் முந்திக்கொண்டு இறுகும். அடிப்பகுதி இன்னும் இளகியே இருக்கும். இறுகும் மேல்தோல் விரிய இடமில்லாமல் மடிந்துவிடும். பெயிண்டர்களுக்கு நெடுங்காலம் தலைவலியாக இருந்த குற்றம் இது. 1920களிலும் 1930களிலும் அமெரிக்காவில் சிலர் அந்தக் குற்றத்தையே குணமாக விற்கலாம் என்று கண்டுகொண்டார்கள். கோபால்ட் கலந்த உலர்த்தியைச் சேர்த்து, தடிமனாகப் பூசி, சூடேற்றினால் சுருக்கம் ஒழுங்காக விழும். வார்ப்பின் மேடுபள்ளங்களை அது மறைத்துவிடும்; தேய்த்து வழவழப்பாக்கும் கூலி மிச்சம். தட்டச்சு எந்திரம், வானொலி, ஒளிப்படக் கருவி என்று எங்கும் பரவியது.

பணம் வரும் இடத்தில் வழக்கும் வரும். சுருக்கப் பூச்சின் காப்புரிமைகளையெல்லாம் ஒரே கையில் திரட்டுவதற்காக 'நியூ ரிங்கிள்' என்று ஒரு நிறுவனம் உருவானது. அதனிடம் உரிமம் பெறுபவர்கள் குறித்த விலைக்குக் கீழே விற்கக்கூடாது என்று நிபந்தனை. அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 1952இல் உச்ச நீதிமன்றம், காப்புரிமையைக் காட்டித் தொழில்முழுதும் விலையைக் கட்டிவைப்பது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று சொல்லிவிட்டது. பெயிண்டின் சுருக்கம் நாட்டின் உயர்ந்த நீதிமன்றம்வரை போன செய்தியை மாமாவிடம் சொன்னபோது, "பெயிண்ட் சுருங்கினா எங்க மேஸ்திரி கூலியில பிடிச்சுக்குவார்" என்றார்.

நிற்க. இனித் துகளுக்கு வருவோம்.

பிளாஸ்டிக்கைத் தூளாக்கி உலோகத்தின் மேல் உருகவைக்கும் முயற்சிகள் 1940களிலேயே இருந்தன. 1953இல் ஜெர்மனியில் எர்வின் கெமர் என்ற ஆய்வாளர் ஒரு முறையைக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தொட்டியில் தூளைப் போட்டு அடியிலிருந்து காற்றை ஊதினால் தூள் நீர்போல் அலைபாயும். நன்றாகச் சூடேற்றிய உலோகத் துண்டை அதில் முக்கி எடுத்தால் தொட்ட இடமெல்லாம் தூள் உருகி ஒட்டிக்கொள்ளும். கரைப்பான் ஒரு துளியும் வேண்டாம். ஆனால் பூச்சு கால் மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிக்கும். குழாய்க்கும் கம்பிவலைக்கும் அது சரி. திருகும் மரையும் கொண்ட நுண்ணிய பாகத்துக்கு ஒத்துவராது.

1960களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் அடுத்த படி எடுத்துவைக்கப்பட்டது. தூளுக்கு மின்னேற்றம் கொடுத்துத் துப்பாக்கியால் தெளிப்பது. பொருளைத் தரையோடு மின்னிணைப்பது. அறுபதாயிரம் முதல் ஒரு லட்சம் வோல்ட் அழுத்தத்தில் மின்னேற்றம் பெற்ற தூள் தானே ஓடிப்போய் உலோகத்தில் அப்பிக்கொள்ளும். பிறகு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து இருபது நிமிடம் வைத்தால் உருகி, மூலக்கூறுகள் பின்னிக்கொண்டு, மறுபடி உருகாத ஓடாகிவிடும். தடிமன் அறுபது முதல் எண்பது மைக்ரான். தரையில் விழுந்த தூளைக் கூட்டி மறுபடி பயன்படுத்தலாம். பெயிண்டில் இது நினைத்துப்பார்க்க முடியாத சிக்கனம்.

ஆனாலும் வேதியியல் மட்டும் தொழிலை மாற்றிவிடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் பழுப்பு மூட்டம் மூடிக்கொண்டிருந்த காலம் அது. 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர், வெயிலில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வண்டிப்புகையும் சேர்ந்துதான் அந்த மூட்டத்தை உண்டாக்குகின்றன என்று காட்டினார். பெயிண்டின் கரைப்பானும் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. 1966இல் அந்த மாவட்டம் 'விதி 66' என்ற பெயரில் கரைப்பான்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1970இல் நாடு முழுவதற்குமான தூய காற்றுச் சட்டம் வந்தது. அதன்பிறகே துகள் பூச்சின் பக்கம் முதலாளிகளின் பார்வை திரும்பியது. அலமாரி, மிதிவண்டி, காரின் சக்கரம், என்ஜின் மூடி எல்லாம் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன. 1990களின் பிற்பகுதியில் பிஎம்டபிள்யூ தன் டிங்கோல்ஃபிங் தொழிற்சாலையில் கார் உடலின் மேற்பளபளப்புக்கே தூளைப் பயன்படுத்தத் தொடங்கியது.

இந்த வரலாற்றில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. நகரத்துக் காற்றுக்காகச் சட்டம் வந்தது. பூச்சுக்கூடத்துக்குள் நின்றவரின் காற்றைப் பற்றி உலகம் கவலைப்பட்டது அதற்கு வெகுநாள் கழித்தே. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1989இல்தான் பெயிண்டர் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தொழிலாக வகைப்படுத்தியது. டூக்கோவை அடுத்து வந்த இருகூட்டுப் பாலியூரித்தேன் பெயிண்டுகளில் உள்ள ஐசோசயனேட், ஸ்பிரே பெயிண்டர்களின் தொழில்வழி ஆஸ்துமாவுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. என் மாமாவின் மூச்சிரைப்புக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் பீடியும் குடித்தவர். ஆனால் கைக்குட்டை கட்டிக்கொண்டு அவர் அந்தப் பனிமூட்டத்துக்குள் நின்றதைச் சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன். துகள் பூச்சும் முற்றிலும் தூய்மையானதன்று. பாலியெஸ்டர் தூள்களை இறுக்கச் சேர்த்த டிஜிஐசி என்ற பொருள் மரபணுவைப் பாதிக்கக்கூடியது என்று தெரியவந்து, ஐரோப்பாவில் 1990களின் இறுதியிலிருந்து அதைக் கைவிட்டு மாற்றுப்பொருளுக்கு நகர்ந்தார்கள். இருந்தாலும் இரண்டில் எந்தக் கூடத்தில் என் மகன் வேலை செய்யலாம் என்று கேட்டால் விடை சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகாது.

பூசப்படும் மூடியின் பக்கத்திலிருந்து பார்த்தால் தீர்ப்பு அவ்வளவு எளிதாக இல்லை. என்ஜின் தலைமூடி நூறு, நூற்றிருபது டிகிரிக்கு மேல் பொதுவாகச் சூடேறுவதில்லை; நல்ல துகள் பூச்சும் தாங்கும், என்ஜினுக்கென்றே செய்த பெயிண்டும் தாங்கும். கல்பட்டுத் தெறிக்காமல் இருப்பதிலும், கொட்டிய எண்ணெயையும் பெட்ரோலையும் தாங்குவதிலும் துகளே முந்தும். ஆனால் மணல் வார்ப்பு அலுமினியம் ஒரு பஞ்சு. பல ஆண்டு எண்ணெயையும் காற்றையும் தன் நுண்துளைகளுக்குள் வைத்திருக்கும். தூள் உருகிக்கொண்டிருக்கும் வேளையில் அந்த வாயு வெளியேறினால் பூச்சில் ஊசிமுனைக் குமிழ்கள் பூத்துவிடும். ஆகவே பூசுவதற்கு முன்பே, பூசிச் சுடும் சூட்டைவிடக் கூடுதலான சூட்டில் மூடியை ஒருமுறை வாட்டியெடுக்க வேண்டும். கேஸ்கெட் உட்காரும் விளிம்பையும் போல்ட் அமரும் இடத்தையும் சூடு தாங்கும் நாடாவால் மறைக்க வேண்டும். இல்லையேல் தடித்த பூச்சு நாளடைவில் நசுங்கி போல்ட் தளர்ந்து எண்ணெய் கசியும். இன்னொன்று, ஃபாரடே கண்ட விதி. உட்குழிந்த மூலைகளுக்குள் மின்புலம் நுழையத் தயங்கும், தூளும் தயங்கும். விலா விலாவாக இருக்கும் மூடியின் இடுக்குகளில்தான் பூச்சு மெலிந்துபோகும். பெயிண்டுக்கு இந்தத் தயக்கம் கிடையாது. கீறல் விழுந்தால் தூரிகையால் தொட்டுச் சரிசெய்வதும் பெயிண்டில்தான் முடியும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய செய்தி, பூச்சுக்கு முன் நடப்பது. துகள் பூச்சு வெற்று உலோகத்தைக் கேட்கிறது. பழைய பெயிண்ட், துரு, கறை எல்லாவற்றையும் மணலூதி எடுத்துவிட வேண்டும். 1870இல் ஃபிலடெல்ஃபியாவின் பெஞ்சமின் டில்மன் காப்புரிமை பெற்ற அதே மணல்வீச்சு. தமிழ் வாசகருக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குடமுழுக்குத் திருப்பணி என்ற பெயரில் நம் கோயில் சுவர்களில் மணலை வீசிக் கல்வெட்டு எழுத்துகளையும் சிற்பங்களின் நுண்மையையும் மழுங்கடித்த கொடுமையை நாம் கண்டிருக்கிறோம். கல் புதிதாகத் தெரிந்தது; எழுத்துப் போய்விட்டது. ஒரு 250 ஜிடியின் மூடியில் அறுபது ஆண்டுக்கு முன் மரனெல்லோவில் பூசிய சுருக்கக் கறுப்பு இன்னும் ஒட்டியிருக்கிறது என்றால் அதுவும் ஓர் ஆவணம். எந்த எண்ணெய், எந்த உலர்த்தி, எத்தனை கை என்பதெல்லாம் அந்தப் படலத்தில் பதிந்திருக்கிறது. சுருக்கத்தைப் போலச்செய்யும் தூள்கள் இன்று கிடைக்கின்றன. கூர்ந்து பார்ப்பவர் வேறுபாட்டைக் கண்டுகொள்வார். பழமைவண்டிகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பு, நினைவுச்சின்னங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் வழியில் டூரின் சாசனம் ஒன்றை 2012-13இல் ஏற்றுக்கொண்டது. அதன் நோக்கும் பழைய பொருளைக் கூடியவரை காப்பதே. ஆகவே என் கட்சி இது: வரலாறு ஒட்டியிருக்கும் மூடியை மணலூதாதீர்கள், பெயிண்டால் பூசியதைப் பெயிண்டாலேயே பேணுங்கள். நாள்தோறும் ஓடும் வண்டியின் மூடிக்குத் துகள் பூச்சே தக்கது.

இந்த ஞானத்தையெல்லாம் சுமந்துகொண்டு மறுபடி திருச்சிக்குப் போனேன். மாமாவின் மூடியில் இருந்த கறுப்பு 1987இல் அவரே அடித்தது என்று அத்தை சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு உடனே கல்வெட்டு நினைவு வந்துவிட்டது. மணலூதக் கொடுக்க வேண்டாம், அப்படியே வைத்திருப்போம் என்றேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது என்ன ராஜராஜன் வெட்டின கல்லா மாப்ளே? அவசரத்துல அடிச்சது. பிரைமர்கூட வைக்கல. அதான் உரியுது. சுரண்டிப் போடச் சொல்லு."

கோவைக்கு மாமாவும் உடன் வந்தார். மாணவர் மூடியை முதல்நாளே வாட்டி, ஊதி, நாடா ஒட்டித் தயாராக வைத்திருந்தார். தூளைத் தூவும்போது மாமா பழக்கத்தில் கைக்குட்டையை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டார். சற்று நேரத்தில் அதைக் கொஞ்சம் தளர்த்தி மோந்து பார்த்துவிட்டு, "வாசனையே இல்லையே" என்றார். மாணவர் பதறிப்போய், "வாசனை இல்லைன்னாலும் தூள் உள்ள போகும் ஐயா" என்று ஒரு முறையான முகமூடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்.

அடுப்பிலிருந்து வந்த மூடி கறுகறுவென்று அழகாகத்தான் இருந்தது. ஆறியதும் மாமா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்விலாவின் மூலை ஒன்றில் விரலை வைத்தார். அங்கே தூள் சரியாக ஏறவில்லை. அலுமினியம் வெளிறித் தெரிந்தது. ஃபாரடேயைப் பற்றி நான் விளக்க வாயெடுப்பதற்குள், தம்பி ஒரு நம்பர் டூ பிரஷும் கொஞ்சம் கறுப்பும் கிடைக்குமா என்று கேட்டு வாங்கி, திண்டில் உட்கார்ந்து அந்த மூலையைத் தொட ஆரம்பித்துவிட்டார்.